ஒலியேடுகளைப் பெயர்த்தெழுதுதல்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு. மலர்க்குழுவினரின் விருப்பத்திற்கு இணங்க எழுத்தில் தரப்படுகிறது.)





செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, கம்பனைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு திறவுகோலை என் கையில் கொடுத்து, "பின்னறையில் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள பழைய காசெட்டுகளை என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவே உங்கள் தலைப்பு" என்றார். நான் தமிழாசிரியன் அல்லன். மின்பொறித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அண்மையில் ஓய்வு பெற்றவன். ஆதலால் இலக்கிய நயத்தை என்னிடம் மிகுதியாக எதிர்பார்த்து ஏமாற வேண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டியைத் திறந்தேன். 137 காசெட்டுகள் இருந்தன. சிலவற்றில் "ஆண்டு விழா" என்று எழுதியிருந்தது. எந்த ஆண்டு என்று எழுதவில்லை. சிலவற்றில் "பொங்கல், இரண்டாம் பக்கம்" என்றிருந்தது; முதற்பக்கம் எங்கே என்று தெரியவில்லை. ஒன்றில் "மாமா" என்று மட்டும் இருந்தது. யாருக்கு மாமாவோ, அறியேன். ஒன்றில் சிவப்பு மையில் "அழிக்காதே" என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடும் போட்டிருந்தார்கள். அவ்வளவு அக்கறையோடு எழுதியவர், ஏன் அழிக்கக்கூடாது என்பதை எழுத மறந்துவிட்டார்.

பெட்டியின் முன் அமர்ந்திருந்தபோது எனக்கு ஏட்டுச்சுவடிகளின் நினைவு வந்தது. பனையோலை நிலையான பொருள் அன்று. செல்லரிக்கும், ஒடியும், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படியிருந்தும் ஈராயிரம் ஆண்டுப் பாடல்கள் நம் கைக்கு எவ்வாறு வந்தன? ஓலை வலிமையாக இருந்ததனால் அன்று. ஓலை மடியுமுன்னே மற்றோர் ஓலையில் பெயர்த்தெழுதும் வழக்கம் இருந்ததனால். ஒரு தலைமுறை அந்த வேலையை மறந்த இடத்தில் நூலும் அறுந்தது. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகளும் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இல்லை, பத்தாம் பத்தும் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது அவர் தேடாத ஊர் இல்லை. ஆயினும் யாரும் படியெடுக்காததை அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏடுகள் ஆற்றிலும் நெருப்பிலும் போன கதைகளை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவற்றைப் படித்து வருந்தும் நாம், நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒலியேடுகளை என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

காசெட் என்பது என்ன என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் சற்றே பொறுத்துக்கொள்க. 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார் இதனை உலகிற்கு அளித்தனர். 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்கள் ஒரு பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. பேச்சோ பாட்டோ மின்னலைகளாக மாறி, அத்துகள்களைக் காந்தமாக்கிப் பதிகிறது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற மெல்லிய வேகத்தில் நகர்கிறது. 60 நிமிடக் காசெட் ஒன்றினுள்ளே ஏறத்தாழ 90 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கிறது. ஆதலின் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பாடிய ஒரு தாலாட்டு, நீளத்தில் அளந்தால் பத்துப் பதினைந்து மீட்டர் துரு! அத்துருவை ஒட்டி வைத்திருக்கும் பசைதான் அத்தாயின் குரலுக்கும் நமக்கும் இடையே உள்ள ஒரே பிடிப்பு.

இந்தப் பிடிப்பு எத்தனை காலம் நிற்கும்? நல்ல நாடாவாக இருந்து, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் இருந்தால் பல பத்தாண்டு நிற்கும். ஆனால் நாம் வாழ்வது கல்கத்தாவில் அன்றோ? ஆடி ஆவணி மாதங்களில் சுவரே வியர்க்கும் ஊர் இது. தரைத்தளத்து அறையில், தகரப்பெட்டிக்குள், நாப்தலீன் உருண்டைகளுக்கு நடுவே நாடாவை வைத்தால் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கிறது. பெட்டியில் இருந்த 137-இல் 19 அவ்வாறு பூத்திருக்கக் கண்டேன். அவற்றைப் பொறியில் போடக்கூடாது. போட்டால் பூஞ்சணம் பொறிக்கும் பரவும், அடுத்த காசெட்டுக்கும் பரவும். தனியே எடுத்து வைத்திருக்கிறேன். மற்றவற்றில் சிலவற்றுக்கு நாடாவை ஒலித்தலையோடு அழுத்தும் சிறு கம்பளித்துண்டு உதிர்ந்துவிட்டது. சிலவற்றில் நாடாவின் தொடக்கத்தில் ஒட்டுப் பிரிந்துவிட்டது. இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். திருகு போட்ட கூடாக இருந்தால் திறந்து, நாடாவை வேறொரு நல்ல கூட்டிற்கு மாற்றிவிடலாம். மெல்லிய கை உடைய நம் பெண்மணிகள் இவ்வேலையை என்னைவிட நன்றாகச் செய்வார்கள்.

நாடாவைவிட விரைவாக மறைந்துகொண்டிருப்பது அதனை ஒலிக்கச் செய்யும் பொறி. நல்ல டெக் பொறி செய்வோர் அருகிவிட்டனர். பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. சாந்தினி சந்தையில் முன்பு கடைக்குக் கடை இருந்த மெக்கானிக்குகளைத் தேடி அலைந்தேன். மனநிறைவோடு வேலையை ஒப்படைக்கக்கூடிய ஒருவரே அகப்பட்டார். அவருக்கும் வயது எழுபதுக்கு மேல். யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து 2019-இல் உலகெங்கும் காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை இயக்கம் நடத்தின. நாடாவை ஓட்டும் பொறிகளும் அவற்றுக்குரிய உதிரிப் பாகங்களும் கிடைக்காமற்போவதால், 2025-ஐ ஒட்டிப் படியெடுக்கும் வேலையே அரிதாகிவிடும் என்று அவர்கள் கூறினர். அந்தக் காலக்கெடு நம் வாயிலுக்கு வந்துவிட்டது.

இங்கே நம் நகரின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவின் வரலாற்றில் கல்கத்தாவுக்குத் தனியிடம் உண்டு. 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் பிரெடரிக் கெய்ஸ்பர்க் என்பார் இங்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகர்களின் பாட்டைப் பதிவு செய்தார். தட்டுகள் அந்நாளில் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாகித் திரும்பி வந்தன. கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். அதனைச் செருக்கு என்று சிலர் நினைத்ததுண்டு. உண்மை வேறு. கடல் கடந்த தொழிற்சாலையில் தட்டின்மேல் யாருடைய பெயரை ஒட்டுவது என்று மயங்காதிருக்கவே அவ்வாறு சொல்லும் முறை ஏற்பட்டது. அச்சீட்டுக் கிழிந்துபோனாலும், தட்டு ஓடும் வரையில் பெயர் போகாது. நம் தகரப்பெட்டியில் "மாமா" என்று எழுதிய அன்பருக்கு இந்தக் கூர்மை இருந்திருந்தால் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டேன். பின்னர் 1908-இல் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. அதன்பின் அது டம்டம்முக்குப் பெயர்ந்தது. தென்னாட்டுக் கலைஞர்களின் தட்டுகளும் டம்டம்மில் அச்சாகித் தெற்கே சென்றன என்பதை நம் பிள்ளைகள் அறிந்து பெருமை கொள்ளலாம்.

இதே ஊரில் ஹேமேந்திர மோகன் போஸ் என்றொரு வணிகர் இருந்தார். குந்தலீன் என்னும் கூந்தல் தைலத்தால் பெயர் பெற்றவர். வங்கப் பிரிவினைக் கிளர்ச்சி பொங்கிய அந்த ஆண்டுகளில், அவர் மெழுகு உருளைகளில் இரவீந்திரநாத தாகூரின் குரலைப் பதிவு செய்து விற்றார். எத்தகைய செல்வம் பாருங்கள்! இளமை மாறாத தாகூர், தம் வாயாலேயே நாட்டுப்பற்றுப் பாடல்களைப் பாடிய உருளைகள். அவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை. மெழுகு தேயும், உடையும், நம் ஊர் வெப்பத்தைத் தாங்காது. பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தின் வழியாகத் தட்டாக மாற்றப்பட்ட சிலவே தப்பின. அவர் பாடிய வந்தே மாதரம் அவ்வாறு தப்பியவற்றுள் ஒன்று. உருளையாகவே விட்டிருந்தால் அதுவும் மற்றவற்றோடு போயிருக்கும்.

வங்காளிகள் இவ்வளவேனும் காத்தார்கள். நம் பாரதியாரின் குரல் ஒரு நொடியளவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் மறைந்தது 1921-இல். கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பதிவு செய்து 19 ஆண்டு கழிந்த பின்னர். கருவி இருந்தது, காலமும் இருந்தது, வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் பாடியதைக் கேட்டவர்கள் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்து, அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நாம் மனத்தால் எண்ணிப் பார்க்கிறோம்.

பெரியோர்களின் குரலைப் பற்றிப் பேசினேன். இனி என் வீட்டுக் கதையைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சங்க மேடையில் சொந்தக் கதை பேசுவது முறையன்று என்று அறிவேன். எனினும் இந்தக் குற்றத்தை ஒருமுறையேனும் நாலு பேர் முன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

என் தந்தையார் 1958-இல் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து இந்நகருக்கு வேலைக்கு வந்தார். என் பாட்டி ஊரிலேயே இருந்துவிட்டார். பாட்டிக்கு எழுதத் தெரியாது. பிறர் எழுதித் தரும் கடிதத்தில் மனத்தில் உள்ளதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். 1980-ஐ ஒட்டி, துபாயிலிருந்து வந்த அண்டைவீட்டுப் பிள்ளை ஒருவர் ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தார். அவர் உதவியால் பாட்டி பேசி அனுப்பத் தொடங்கினார். கோரமண்டல் விரைவு வண்டியில் ஹௌராவுக்கு வரும் யாரேனும் ஒருவர் கையில் காசெட் வரும். என் தந்தையார் அலுவலகத்திலிருந்து வந்து, கைகால் கழுவி, நாங்கள் அனைவரும் சுற்றி அமர, அதனைப் போடுவார். மழை, நடவு, பசு ஈன்ற கன்று, யார் வீட்டுக் கலியாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று பாட்டி பேசிக்கொண்டே போவார். நடுவில் எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். நாங்கள் "என்ன பாட்டி" என்று டேப்ரிக்கார்டரைப் பார்த்துப் பதில் சொல்வோம். அவ்வாறு மொத்தம் ஐந்து காசெட்டுகள் வந்தன.

1983-இல், எனக்குப் பதினாறு வயது. ஒரு நாள் வானொலியில் வந்த இந்தித் திரைப்பாட்டுகளைப் பதிவு செய்ய வெற்றுக் காசெட் வேண்டியிருந்தது, வாங்கக் காசில்லை. பாட்டியின் மூன்றாவது காசெட்டை எடுத்தேன். "இதை எல்லாரும் கேட்டாயிற்று" என்று என் மனத்திற்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதற்பக்கம் முழுவதும் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் கடைசி நான்கு நிமிடம் மட்டும் தப்பியது. அதில் பாட்டி பேசி ஓய்ந்து, பக்கத்தில் இருந்த பிள்ளையிடம், "இன்னும் சுத்துதா? தீர்ந்துபோச்சா?" என்று கேட்கிறார். தந்தையார் இதனை அறிந்தபோது என்னை அடிக்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. மீதிக் காசெட்டுகளை எடுத்துத் தம் அலுவலகப் பையில் வைத்துக்கொண்டார். 1987-இல் பாட்டி காலமானார். நான் பதிந்த திரைப்பாட்டுகள் இன்று உலகின் எந்த மூலையிலும் ஒரு விரல் தொடுவதற்குள் கிடைக்கின்றன.

அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவும் இவ்வாறே செய்தது என்று பின்னாளில் படித்தேன். 1969-இல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சி நேராகப் பதிந்த மூல நாடாக்கள் பின்னர் அழிக்கப்பட்டு வேறு பணிக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்ற முடிவுக்கு 2009-இல் அவர்கள் வந்தனர். காரணம் என்னுடையதேதான்: புதிய நாடா வேண்டியிருந்தது. இது எனக்கு ஆறுதல் தரவில்லை. அவர்களுக்குத் தொலைக்காட்சி நிலையங்கள் எடுத்து வைத்த படிகளேனும் இருந்தன.

சரி, படியெடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் ஒவ்வொரு காசெட்டின் மேல்விளிம்பிலும் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை ஒடித்துவிடுங்கள். அதன்பின் எந்தப் பதினாறு வயதுப் பையனும் தவறியும் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. அடுத்து, நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் தளரும். பொறியின் ஒலித்தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொள்ள வேண்டும். பொறியின் லைன்-அவுட் துளையிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்குள் ஒலியைச் செலுத்த வேண்டும்; இடையே யூ.எஸ்.பி. ஒலிக்கருவி ஒன்று வேண்டும். டேப்ரிக்கார்டரின் முன்னே செல்பேசியை வைத்துப் பதிவு செய்வது, சுவடியை நகலெடுக்கச் சொன்னால் சுவடியின் நிழலை வரைந்து வருவதைப் போன்றது. மின்விசிறியின் இரைச்சல் குரலைவிட நன்றாகப் பதியும்.

அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பழைய பதிவு மந்தமாக, போர்வைக்குள் பேசுவதைப்போலக் கேட்டால், நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதிவு செய்த பொறியின் ஒலித்தலை சற்றே சாய்ந்திருந்திருக்கும். நம் பொறியின் தலை நேராக இருக்கும். இரண்டுக்கும் கோணம் ஒவ்வாமையால் கூர்மையான ஒலிகள் மறைகின்றன. தலையின் பக்கத்தில் உள்ள சிறு திருகை மெல்ல, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்த்தால், ஓரிடத்தில் திடீரென்று சகரமும் தகரமும் தெளிந்து, பேசுபவர் அறைக்குள் வந்துவிட்டதைப்போல் இருக்கும். முதன்முறை இதனைக் கேட்டபோது நான் திருகுளியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

கோப்பின் தரத்தில் கஞ்சத்தனம் வேண்டா. நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 24 பிட்டு என்ற அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்டு ஆகும். நம் 137 காசெட்டுகளும், ஒன்றுக்கு 75 நிமிடம் என்று சராசரி வைத்தாலும், 180 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்று பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப்பையில் அதைவிடப் பெரிய சேமிப்பு இருக்கிறது. கேட்பதற்கும் உறவினர்க்கு அனுப்புவதற்கும் எம்.பி.3 கோப்பு ஒன்றைத் தனியே செய்துகொள்ளலாம். மூலம் மூலமாகவே இருக்கட்டும்.

இரைச்சலை நீக்கி அழகு செய்ய நம் இளைஞர்கள் துடிக்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் படியின்மேல் செய்யுங்கள், மூலத்தின்மேல் வேண்டா. சங்கக் காசெட் ஒன்றில் ஒரு சிறுமி திருக்குறள் ஒப்புவிக்கிறாள். பின்னணியில் ராஷ்பிஹாரி அவென்யூவின் டிராம் மணி கேட்கிறது. மீன்காரர் ஒருவர் வங்காளத்தில் கூவிச் செல்கிறார். அதனை இரைச்சல் என்று கணினி நீக்கிவிடும். எனக்கோ, அந்த மணியும் கூவலும் இருப்பதனால்தான் அக்குறள் நம் லேக் மார்க்கெட்டுக் குறளாக இருக்கிறது என்று தோன்றுகிறது.

கோப்பாக மாற்றிவிட்டோம், வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் பெரிய ஆபத்துத் தொடங்குகிறது. நாடா சாகும்போது மெல்லச் சாகும். முதலில் மங்கும், பிறகு இரையும், பிறகு அறும். கோப்பு அப்படியன்று. நேற்று முழுமையாக இருந்தது. இன்று அடியோடு இல்லை. நான் 2009-இல் பாட்டியின் காசெட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றி நிம்மதியாக இருந்தேன். 2014-இல் ஒரு நாள் அந்த ஹார்ட் டிஸ்க் "டக், டக்" என்று இரண்டு முறை ஓசை எழுப்பி நின்றுவிட்டது. மீட்டுத் தருகிறோம் என்ற கடைக்காரர் மூன்று வாரம் வைத்திருந்து கையை விரித்தார். மூலக் காசெட்டுகளைத் தேடினேன். அவற்றுள் ஒன்று பூஞ்சணத்தால் பயனற்றுப் போயிருந்தது. பெங்களூரிலுள்ள என் தம்பி முன்பொருமுறை வந்தபோது விளையாட்டாக எம்.பி.3 படி ஒன்றை எடுத்துச் சென்றிருந்தான். ஆதலால் அந்தக் காசெட்டின் குரல் தரம் குறைந்த படியாகவேனும் இன்று எங்களிடம் இருக்கிறது. இதனை என் முன்யோசனை என்று சொல்ல நாக்கூசுகிறது.

குறுந்தட்டில் எரித்து வைத்தேன் என்பாரும் உளர். அத்தட்டின் சாயம் வெளிறும். இருபது ஆண்டுக்கு முன் எரித்தவை பல இன்று திறப்பதில்லை. பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கு உரியது. ஆண்டுக்கணக்கில் மேசை இழுப்பறையில் போட்டு வைப்பதற்கு உரியதன்று. வாட்ஸ்அப்பில் இருக்கிறது என்பார்க்கு என்ன சொல்வது! செல்பேசி மாற்றும்போது அவர்களே வந்து கேட்பார்கள். பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழை. மைஸ்பேஸ் என்னும் புகழ்பெற்ற இணையதளம், 2015-க்கு முன் தன்னிடம் மக்கள் ஏற்றி வைத்த இசைக் கோப்புகளைப் பொறிமாற்றத்தின்போது இழந்துவிட்டதாக 2019-இல் தெரிவித்தது. வருத்தம் தெரிவித்தார்கள், பாட்டுகள் வரவில்லை.

ஆகவே, துறை வல்லுநர்கள் எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: மூன்று படிகள், இரண்டு வகைப்பட்ட சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். நம் சங்கத்துக்கு இதனை இவ்வாறு பொருத்தலாம். ஒரு ஹார்ட் டிஸ்க் சங்க அலுவலகத்தில். மற்றொன்று சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள உறுப்பினரின் பிள்ளை வீட்டில். மூன்றாவது படி, கட்டணம் செலுத்திப் பெற்ற கிளவுட் சேமிப்பில். வேறிடம் என்றால் பாலிகஞ்சுக்கும் டாலிகஞ்சுக்கும் உள்ள தூரம் போதாது. 2020 மே 20-இல் ஆம்பன் புயல் அடித்தபோது கல்லூரித் தெருவில் புத்தகங்கள் நீரில் மிதந்ததைக் கண்டோம். ஒரு வெள்ளம் நகரின் இரண்டு மூலைகளிலும் ஒரே இரவில் நுழையும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களுள் பலவற்றுக்கு வேறிடத்தில் படி இருந்தது. ஒற்றைப் படியாக அங்கிருந்த சுவடிகளோடு அவற்றிலிருந்ததும் போயிற்று. அந்தத் துயரத்தை அறிந்த ஈழத்தமிழர் 2005 முதல் "நூலகம்" என்ற பெயரில் நூல்களையும் இதழ்களையும் ஒலிப்பதிவுகளையும் மின்வடிவில் திரட்டி வருகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு நுட்பம். கணினியும் கிளவுடும் தாமே ஒத்துப்போகும்படி வைத்துவிட்டு அதனைப் பாதுகாப்பு என்று மயங்காதீர்கள். இங்கே தவறி ஒன்றை அழித்தால் அங்கேயும் அது பணிவோடு அழியும். எனவே ஒரு படியேனும் கம்பி இணைப்பில்லாமல் தனியே கிடக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணினியே கணக்கிட்டுத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் வேறாகிவிடும். அந்த எண்களை ஒரு பட்டியலாக எழுதி வைத்து, ஆண்டுக்கொருமுறை மூன்று படிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எது கெட்டது எது நல்லது என்று தெரியும். நல்லதிலிருந்து கெட்டதைத் திருத்திக்கொள்ளலாம். நம் முன்னோர் சுவடிகளை வெயிலில் காயவைத்து மஞ்சள் தடவி எடுத்து வைத்த வேலையே இது. சரசுவதி பூசை நாளில் வைத்துக்கொண்டால் மறவாது. ஐந்தாறு ஆண்டுக்கொருமுறை ஹார்ட் டிஸ்க்கையே புதிதாக மாற்றிவிட வேண்டும்.

இவையெல்லாம் பொருளால் தீரக்கூடியவை. பொருளால் தீராதது ஒன்று உண்டு. சோதனைக்காக ஒரு காசெட்டை எடுத்துப் போட்டேன். பொங்கல் விழா ஒன்றில் ஓர் அம்மையார் பாடுகிறார். அருமையான சாரீரம். யார் என்று எனக்குத் தெரியவில்லை, செயலாளர்க்கும் தெரியவில்லை. அங்கே தற்செயலாக வந்திருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், எண்பத்தாறு வயதினர், வாயிலில் நின்றபடியே இரண்டு வரி கேட்டார். யாருடைய மனைவி, எந்தத் தெருவில் இருந்தார், எந்த ஆண்டு ஊர் திரும்பினார் என்று எல்லாம் சொல்லிவிட்டார். அவர் அன்று வராதிருந்தால் அந்தக் குரல் பெயரற்ற குரலாகவே எஞ்சியிருக்கும். நாடா இன்னும் பத்தாண்டு தாங்கினாலும் தாங்கும். அதனை யாருடையது என்று சொல்லக்கூடிய காதுகள் நம்மிடையே எத்தனை இருக்கின்றன? இந்த அவையில் எண்பதைக் கடந்தவர்களை நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கள் போதுமாயிருந்தன. ஆதலின் பொறியின் அருகே ஒரு நாற்காலி அவர்களுக்காகப் போடப்படும். அவர்கள் கேட்டுச் சொல்லச் சொல்ல, ஒரு பிள்ளை குறிப்பெடுக்க வேண்டும்: யார், எங்கே, எப்போது, என்ன பாட்டு, பதிவு செய்தவர் யார். அந்தக் குறிப்பைக் கோப்போடு சேர்த்து வைப்போம். கோப்பின் தொடக்கத்தில் கௌஹர் ஜானைப்போல் வாயாலும் சொல்லிப் பதிந்துவிடலாம் என்பது என் யோசனை.

இந்நகரிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் வட இந்தியச் செவ்விசைக்கென ஒரு காப்பகம் அமைத்து, தனியார் வீடுகளில் இருந்த இசைத்தட்டுகளையும் நாடாக்களையும் கணினிக் கோப்புகளாக்கிக் காத்திருக்கிறார்கள். அவர்கள் மூலப்பொருளைப் பறித்துக்கொள்வதில்லை. படியெடுத்துத் திருப்பித் தருகிறார்கள். நாமும் அவ்வாறே செய்வோம். உங்கள் காசெட் உங்களிடமே திரும்பும். அதனோடு கோப்பும் வரும். வீட்டுப் பேச்சுகளை உங்கள் ஒப்புதல் இன்றிச் சங்கம் யாருக்கும் தராது. கடையில் வாங்கிய திரைப்படக் காசெட்டுகளைக் கொண்டுவர வேண்டா. அவற்றுக்கு உரிமை உடையோர் வேறு, காப்போரும் வேறு.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 75 நிமிட நாடாவை எடுக்க 75 நிமிடம் ஆகும். இதில் குறுக்குவழி இல்லை. ஒரு பொறியை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் உழைத்தால் சங்கத்துக் காசெட்டுகளுக்கே ஓராண்டுக்கு மேல் ஆகும். இரண்டு பொறிகள் இருந்தால் ஏழு மாதம். ஒரு பொறி என்னிடம் இருக்கிறது. மற்றொன்று உங்களுள் யார் வீட்டுப் பரண்மேலேனும் இருக்கும். ஓடாவிட்டாலும் கொண்டுவாருங்கள், அந்த எழுபது வயது மெக்கானிக்கு இன்னும் கடை திறக்கிறார்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னறையில் தொடங்குகிறோம். வீட்டிலிருந்து காசெட் கொண்டுவருவோர் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை உறையினுள் வைத்துத் தரவேண்டும். முதலில் எடுக்கப்போவது "அழிக்காதே" என்று சிவப்பு மையில் எழுதியுள்ள காசெட். அக்கையெழுத்தை அறிந்தவர் யாரேனும் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயைகூர்ந்து என்னைப் பாருங்கள். காசெட் என் பையில் இருக்கிறது.